வெப்பத்துக்கு எண் கொடுத்த தானியேல் பரன்ஹைற்

வீட்டிலே பிள்ளைக்கு மேல் காய்கிறது என்றால் தாயானவள் முதலிற் புறங்கையை அதன் நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். அடுத்தபடியாக அலுமாரிக்குள் இருக்கும் வெப்பமானி வெளியே வரும். நூற்றிரண்டு என்று அவள் சொன்ன மாத்திரத்தே வீடு முழுவதும் பரபரப்படையும். ஆசுபத்திரிக்குக் கொண்டு போனால் அங்கே தாதியார் முப்பத்தெட்டே முக்கால், முப்பத்தொன்பது என்று ஏதோ எழுதுவார். தாய் திகைப்பாள். காய்ச்சல் இறங்கிவிட்டதா, ஏறியிருக்கிறதா? நமது நாடு 1970களில் மீற்றர் முறைக்கு மாறியபின் இத்திகைப்பு எத்தனையோ வீடுகளில் நிகழ்ந்திருக்கும். வானிலை அறிக்கையும் பாடசாலைப் புத்தகமும் செல்சியசிற் பேச, பழைய வெப்பமானியோ பரன்ஹைற்றிற் பேசுகின்றது. ஒரே சூட்டுக்கு இரண்டு பெயர்கள்.

அப்பெயர்களுள் ஒன்றுக்கு உரியவரின் வரலாற்றை இம்மலரிற் கூற முற்படுகின்றேன். அவர் பெயரை நாடோறும் உச்சரிப்போர் பலர். அவர் வாழ்க்கையை அறிந்தோர் மிகச் சிலர். நம் சங்கத்து இளைஞர் மாத்திரமன்றி அவ்விளைஞரைப் பெற்று வளர்த்த பெரியோரும் சிறிது நின்று யோசிக்க வேண்டிய வாழ்க்கை அது.

தானியேல் காபிரியேல் பரன்ஹைற் 1686ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி டான்சிக் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். போலந்து மன்னரின் ஆணைக்குட்பட்டிருந்த, ஜேர்மன் மொழி பேசுவோர் நிறைந்த நகரம் அது. இன்று போலந்து நாட்டிலே குடான்ஸ்க் என வழங்குகின்றது. தந்தையார் வசதி படைத்த வணிகர். உயிரோடிருந்த ஐந்து பிள்ளைகளுள் தானியேல் மூத்தவர். வணிகக் குடும்பத்து மூத்த மகனுக்கு என்ன வழி வகுக்கப்பட்டிருக்கும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1701ஆம் ஆண்டு ஓகஸ்ற் 14ஆந் திகதி அக்குடும்பத்தின் மீது இடி விழுந்தது. நச்சுக் காளானை உண்டதனால் தந்தையும் தாயும் ஒரே நாளில் இறந்தனர். தானியேலுக்கு அப்பொழுது வயது பதினைந்து. பாதுகாவலராக நியமிக்கப்பட்டோர் இளைய பிள்ளைகளுக்கு ஓர் ஒழுங்கு செய்தபின், மூத்தவரை அம்ஸ்ரடாம் நகருக்கு அனுப்பி ஒரு வணிகரிடம் கணக்கு வழக்குப் பழக விட்டனர். நாலு வருடப் பயிற்சி. கந்தோர் என்று நாம் வழங்குகின்றோமே, அச்சொல்லை நமக்கு விட்டுச் சென்றவர் ஒல்லாந்தர்தாம். அத்தகைய ஒல்லாந்தக் கந்தோர் ஒன்றிலே பேரேட்டுக்கு முன்னால் அப்பையன் இருத்தப்பட்டான்.

ஆனால் அம்ஸ்ரடாம் அக்காலத்திலே வணிகருக்கு மாத்திரம் உரிய நகரமன்று. கண்ணாடி ஊதுவோர், வில்லை தீட்டுவோர், பாரமானி செய்வோர் எனக் கருவித் தொழிலாளர் நிறைந்த நகரமுமாகும். பேரேட்டிற் பதியாத கண் அங்கே பதிந்தது. பயிற்சிக் காலத்திலோ அது முடிந்த கையோடோ அவர் வணிகத்தைக் கைவிட்டார். கருவிகளுக்கும் சோதனைகளுக்குமாகத் தம் பிதுரார்ச்சிதச் சொத்தை நம்பிக் கடன் பட்டார். கடன்காரர் பாதுகாவலரை நெருக்கினர். பாதுகாவலருக்குக் கோபம் மூண்டது. 1707ஆம் ஆண்டிலே அவரைப் பிடித்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பலிலே கீழைத்தேசத்துக்கு ஏற்றிவிடும் நோக்கத்தோடு பிடியாணை பெறப்பட்டது. தறுதலைப் பிள்ளையைத் திருத்துவதற்கு அந்நாளில் ஐரோப்பியர் கண்ட வழிகளுள் அதுவும் ஒன்று.

இவ்விடத்தில் நாம் சற்றே தரிக்கலாம். 1658 முதல் 1795 வரை நமது யாழ்ப்பாணத்தை ஆண்டது அதே கொம்பனிதான். பிடியாணை நிறைவேறியிருப்பின் அவ்விளைஞர் பத்தாவியாவுக்குப் போயிருப்பாரோ, கொழும்புக்கு வந்திருப்பாரோ, யாழ்ப்பாணக் கோட்டையிலே கறுவாக் கணக்கும் யானைக் கணக்கும் எழுதி மலேரியாக் காய்ச்சலில் மாண்டிருப்பாரோ, யார் அறிவார்? அக்காய்ச்சலை அளப்பதற்குத்தான் கருவி இருந்திராது.

பாதுகாவலரை முழுவதும் குறை கூறவும் மனம் ஒப்பவில்லை. பிறர் பிள்ளையின் சொத்தைக் காக்கும் பொறுப்பு அவர்களுடையது. அப்பிள்ளையோ கண்ணாடிக் குழாய்களுக்காகக் கடன் வாங்குகின்றான். பின்னால் நிகழப்போவது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நாம் அவர்களை நகைப்பது எளிது.

பிடியாணைக்குத் தப்பிய பரன்ஹைற் ஊர் ஊராக அலைந்தார். பேர்லின், ஹாலே, லைப்சிக், டிறெஸ்டன் என ஜேர்மன் நகரங்களிலெல்லாம் கருவி செய்வோரையும் கற்றறிந்தோரையும் தேடிச் சென்றார். 1708இல் டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனிலே ஓலே றோமர் என்னும் வானியல் அறிஞரைக் கண்டார். ஒளிக்கும் வேகம் உண்டென்பதை 1676இல் வியாழக் கோளின் சந்திரன் ஒன்றை நோக்கிக் கணித்துக் காட்டியவர் இவரே. அச்சந்திப்புப் பரன்ஹைற்றின் வாழ்நாட் பாதையை வகுத்தது.

அக்காலத்து வெப்பமானிகளின் நிலையை இங்கே கூற வேண்டும். கலிலியோ காலத்திலிருந்தே சூட்டைக் காட்டும் குழாய்கள் இருந்தன. அவற்றுள் முந்தியவை வளிமண்டலத்துக்குத் திறந்திருந்தமையால் வளியின் அமுக்கம் மாறும்போதும் ஏறி இறங்கின. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புளோரன்ஸ் நகரத்தார் மதுசாரத்தைக் குழாயில் அடைத்து மேல்வாயை உருக்கி மூடினர். அக்குறை நீங்கியது. ஆயினும் ஒருவர் செய்த வெப்பமானி இன்னொருவர் செய்ததோடு ஒத்துப் போகவில்லை. ஒரே தொழிலாளி செய்த இரண்டுமே ஒன்றையொன்று மறுத்தன. குழாயின் துவாரம் ஓரிடத்திற் பருத்தும் ஓரிடத்திற் சிறுத்தும் இருக்கும். மதுசாரத்தின் செறிவு போத்தலுக்குப் போத்தல் வேறுபடும். எங்கே எண்ணத் தொடங்குவது என்பதில் உடன்பாடே இல்லை. இலண்டனிலுள்ளவர் இன்று இவ்வளவு குளிர் என்று பாரிசிலுள்ளவருக்கு எழுதினால், அக்கடிதத்தால் அவருக்குப் பயனில்லை. முழத்துக்கு முழம் நீளம் மாறும் ஊரிலே புடைவை வியாபாரம் நடப்பது போன்ற கதைதான்.

றோமர் ஒரு வழி கண்டிருந்தார். இயற்கையில் எப்போதும் ஒரே சூட்டில் நிற்கும் நிலைகளைப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு எண் இட்டார். கொதிக்கும் நீருக்கு 60. உருகும் பனிக்கட்டிக்கு ஏழரை. மனித உடலின் சூடு ஏறத்தாழ இருபத்திரண்டரை எனப் பரன்ஹைற் அங்கே கண்டு குறித்துக்கொண்டார். அரைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. ஏழரையை எட்டாகவும் இருபத்திரண்டரையை இருபத்துநான்காகவும் திருத்தினார். பாகைகள் பெரியனவாக இருந்தமையாற் பின்னர் ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தார். பனிக்கட்டிக்கு 32, உடலுக்கு 96 என்பன இப்படித்தான் பிறந்தன.

இந்த 32உம் 96உம் யாரோ பித்துப்பிடித்தவர் எழுதிய எண்கள் என்று மாணவர் பலர் எண்ணுவதுண்டு. கருவி செய்யும் கையோடு நின்று பார்த்தால் அவற்றின் அழகு புலப்படும். தொண்ணூற்றாறில் முப்பத்திரண்டு போக எஞ்சுவது அறுபத்துநான்கு. கண்ணாடிக் குழாயிலே இரண்டு அடையாளங்கள் இட்டபின் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தைச் சரி பாதியாக்க வேண்டும். பாதியை மீண்டும் பாதியாக்க வேண்டும். ஆறு முறை இவ்வாறு செய்தால் அறுபத்துநான்கு சம பாகங்கள் கிடைத்துவிடும். கவராயம் ஒன்றே போதும். நூறு பாகமாக்கப் புகுந்தால் ஐந்தாகப் பிரிக்க நேரிடும். கையாற் கோடிடுவோனுக்கு அது தொல்லை. முப்பத்திரண்டும் அவ்வாறே பாதி பாதியாகப் பிரியும் எண்தான்.

பூச்சியத்துக்கும் ஓர் இடம் வேண்டும் அல்லவா? பனிக்கட்டி, நீர், நவச்சாரம் மூன்றையுஞ் சேர்த்த கலவையின் குளிரை அவர் பூச்சியம் எனக் கொண்டார். நவச்சாரத்துக்குப் பதிலாகக் கடலுப்பும் ஆகும் என்றார். மாரியிலும் இக்கலவையை விடக் குளிர் அரிதாகையால், பூச்சியத்துக்குக் கீழே எண்ணும் சங்கடம் அன்றாட வாழ்விற் குறையும்.

1714ஆம் ஆண்டு ஹாலே நகரப் பேராசிரியர் கிறிஸ்ரியன் வொல்ஃபிடம் பரன்ஹைற் இரண்டு வெப்பமானிகளைக் கொடுத்தார். வொல்ஃப் அவற்றை அருகருகே வைத்துச் சோதித்தார். இரண்டும் ஒத்த எண்ணையே காட்டின. இக்காலத்து மாணவருக்கு இதில் ஒரு வியப்பும் தோன்றாது. வொல்ஃபோ இதனை அதிசயமென்றே கருதி, லைப்சிக்கிலிருந்து இலத்தீனில் வெளிவந்த அறிஞர் சஞ்சிகையிலே கட்டுரை எழுதினார். பரன்ஹைற்றின் பெருமை முழுவதும் என் கணிப்பில் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கும். புதிய எண்களைக் கண்டுபிடிப்பது யாருக்கும் இயலும். இரண்டு கருவிகளை ஒரே உண்மையைச் சொல்ல வைப்பது கைத்திறனும் பொறுமையும் உடையவருக்கே இயலும்.

அதே காலத்தில் அவர் மதுசாரத்தை விட்டு இரசத்துக்கு மாறினார். தூய மதுசாரம் செல்சியஸ் 78 பாகையளவிற் கொதித்துவிடும். ஆகவே கொதிநீரை அளக்க அது உதவாது. இரசமோ நீர் உறையும் நிலைக்கு வெகு கீழேயும், கொதிக்கும் நிலைக்கு வெகு மேலேயும் திரவமாகவே நிற்கும். சூட்டுக்கு ஏற்ப ஒழுங்காக விரியும். அழுக்குள்ள இரசம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது ஒன்றே இடையூறு. இரசத்தைச் சுத்திசெய்யும் முறையை அவர் தாமே கண்டார். உருண்டைக் குமிழுக்குப் பதிலாக நீளுருளை வடிவான குமிழை வைத்து, சூடு விரைவாக உட்செல்லவும் வழி செய்தார்.

1717இல் அவர் அம்ஸ்ரடாமுக்கே திரும்பிக் குடியமர்ந்தார். தம்மைப் பிடித்துக் கப்பலேற்றத் தேடிய நாட்டிலேயே கண்ணாடி ஊதிப் பாரமானியும் வெப்பமானியும் நீர்மானியும் செய்து விற்றார். 1718 முதல் இரசாயனத்திலே சொற்பொழிவுகளும் ஆற்றினார். லைடன் சர்வகலாசாலையிற் புகழோடு விளங்கிய வைத்தியப் பேராசிரியர் ஹேர்மன் பூர்ஹாவே அவரிடம் கருவிகள் வாங்கினார். இருவருக்குமிடையே கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. பூர்ஹாவேயின் மாணவர் வழியாகத்தான் வெப்பமானி நோயாளியின் படுக்கையருகே வரத் தொடங்கியது.

1724ஆம் ஆண்டு இலண்டன் றோயல் சங்கம் அவரைத் தன் அங்கத்தவராக ஏற்றது. சர்வகலாசாலையின் படியை மிதியாத ஒரு கைத்தொழிலாளருக்கு அது சிறு பேறன்று. அவ்வாண்டு அச்சங்கத்தின் வெளியீட்டில் ஐந்து சிறு கட்டுரைகளை இலத்தீனில் எழுதினார். நீரின் கொதிநிலை வளியமுக்கத்தோடு மாறும் என்பதை அவற்றுள் ஒன்றிற் காட்டினார். இதனை நாமே கண்டறியலாம். நுவரெலியாவிலே தேநீருக்கு வைத்த நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். யாழ்ப்பாணத்திலோ 100க்குப் போக வேண்டும்.

இன்னொரு கட்டுரையில் வேடிக்கையான செய்தி ஒன்று உளது. வளி நீக்கிய கண்ணாடிக் குமிழியில் மழைநீரை அடைத்து, உறைநிலைக்கு வெகு கீழான குளிரில் இரவு முழுவதும் வைத்தார். காலையிலும் நீர் நீராகவே இருந்தது. குமிழியின் நுனியை உடைத்து வளியை உட்புகவிட்டதும் பனிக்கட்டி பரவிற்று. பிறிதொருமுறை அத்தகைய குமிழியைக் கையில் ஏந்திப் படியில் இறங்குகையில் அவர் கால் இடறிவிட்டது. அந்தக் குலுக்கலில் நீர் முழுவதும் பனித்துகளாகிவிட்டது! படியில் இடறுவோர் உலகில் எத்தனையோ பேர். இடறிய கணத்திலும் கையிலுள்ள குமிழியை நோக்கியவர் இவர்.

கொதிநீரின் சூட்டைத் தம் அளவுத்திட்டத்தில் 212 என அவர் கண்டிருந்தார். அவருக்குப் பின், 1777இல், கவண்டிஷ் என்னும் அறிஞரின் தலைமையில் அமைந்த றோயல் சங்கக் குழு, கொதிநிலையைக் குறிப்பிட்ட வளியமுக்கத்தில் அளந்து 212 என நிலைநிறுத்த வேண்டும் என்றது. இவ்வாறு 32உம் 212உம் அசையாத் தூண்களாகிவிடவே, உடலின் சூடு 96இலிருந்து நழுவி 98க்கு மேலே போயிற்று. நமது உடல் சூடேறவில்லை. அளவுகோல்தான் சற்றே சரி செய்யப்பட்டது.

இதற்கிடையிற் சுவீடன் தேசத்து ஊப்சாலா நகரிலே அன்டேர்ஸ் செல்சியஸ் என்னும் வானியற் பேராசிரியர், 1742இல் உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே நூறு பாகை வகுத்தார். வேடிக்கை என்னவெனில் அவர் கொதிநீருக்குப் பூச்சியமும் பனிக்கட்டிக்கு நூறும் இட்டார். 1744இல் அவர் இறந்தபின் அது தலைகீழாக மாற்றப்பட்டு இன்றைய உருவத்தைப் பெற்றது. சென்ரிகிறேட் என வழங்கிய அவ்வளவை 1948 முதல் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இனித் தாயின் திகைப்புக்கு வருவோம். உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை பரன்ஹைற்றில் 180 படிகள்; செல்சியசில் 100. ஆகவே ஒன்பது பரன்ஹைற் படிகள் ஐந்து செல்சியஸ் படிகளுக்குச் சமம். ஆனால் எண்ணத் தொடங்கும் இடம் வேறு. ஒருவர் பனிக்கட்டியிலே 32 என்று தொடங்குகின்றார், மற்றவர் பூச்சியம் என்று தொடங்குகின்றார். எனவே பரன்ஹைற்றிலிருந்து முதலில் 32ஐக் கழித்து இருவரையும் ஒரே வாயிற்படியில் நிறுத்த வேண்டும். பின்னர் ஒன்பதால் வகுத்து ஐந்தாற் பெருக்க வேண்டும். 104 பாகைக் காய்ச்சலைப் பாருங்கள். 32 போக 72. ஒன்பதால் வகுக்க 8. ஐந்தாற் பெருக்க 40. தாய் சொன்ன 102ஐ இவ்வாறு மாற்றினால் 38.9 வரும். தாதியார் எழுதியதும் அதுவே. காய்ச்சல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

மறுபக்கமாக மாற்றுவதற்கு மனக்கணக்கு ஒன்று உண்டு. செல்சியசை இரட்டியுங்கள், வந்ததிற் பத்திலொன்றைக் கழியுங்கள், 32ஐக் கூட்டுங்கள். 30 பாகை என்றால் 60, அதில் 6 போக 54, கூட்ட 86. பழைய ஆசிரியர் சிலர் வேறொரு வழியும் கற்பித்தனர். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையில் இரண்டு அளவைகளும் ஒரே எண்ணைக் காட்டும். ஆதலால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் முதலில் 40ஐக் கூட்டி, ஐந்தொன்பது கணக்கைச் செய்து, முடிவில் 40ஐக் கழித்தால் விடை சரியாயிருக்கும். கூட்டுவதா கழிப்பதா என்ற மயக்கம் அதில் எழாது.

எனினும் கற்றோரும் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. சூடு எவ்வளவு என்பது வேறு. சூடு எவ்வளவு ஏறியது என்பது வேறு. 2015இற் பாரிசிலே கூடிய நாடுகள் உலக வெப்ப உயர்வை ஒன்றரைப் பாகை செல்சியசுக்குள் நிறுத்த முயல்வதாக உடன்பட்டன. இவ்வொன்றரையைப் பரன்ஹைற்றாக்கும்போது 32ஐக் கூட்டலாகாது. உயர்வுக்குத் தொடக்க இடம் எதுவென்ற கேள்வியே எழாது, 2.7 என்பதே சரியான விடை. கூட்டிவிட்டால் 34.7 என்னும் பிரளயம் வந்துவிடும். அதேபோல 20 பாகை 10 பாகையினும் இரு மடங்கு சூடு என்று சொல்வதும் பொருந்தாது. அவற்றையே பரன்ஹைற்றில் எழுதினால் 68உம் 50உம் ஆகும். இரு மடங்கு எங்கே போயிற்று? உண்மையான பூச்சியம் செல்சியஸ் பூச்சியத்துக்கு 273.15 பாகை கீழே உள்ளது. அதிலிருந்து எண்ணும் அளவைக்கு 1848இல் வழிகாட்டியவர் பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன்.

98.6 என்னும் எண்ணிலும் ஒரு கதை உண்டு. 1868இல் லைப்சிக் வைத்தியர் வுண்டர்லிச், ஆயிரக்கணக்கான நோயாளரை அளந்து, சுகதேகியின் சூடு சராசரி 37 பாகை செல்சியஸ் என்றார். 37ஐ மாற்றினால் 98.6 வரும். அத்தசமம் கணக்கிலே பிறந்தது, உடலிலே பிறந்ததன்று. பழைய ஆங்கிலேய வெப்பமானிகள் 98.4இல் அம்புக்குறியிட்டன. ஆகவே 98.8 கண்டு ஒருவர் படுக்கையில் விழ வேண்டியதில்லை.

பரன்ஹைற்றை இடையில் விட்டுவிட்டோம். அவர் மணஞ் செய்துகொள்ளவில்லை. கருவிகளால் வந்த ஊதியம் கருவிகளுக்கே போயிற்று. கடலிலும் தாழ்ந்த ஒல்லாந்து நிலங்களிலிருந்து நீரை இறைத்து வெளியேற்றும் பொறியொன்றைக் கடைசிக் காலத்தில் அமைக்க முயன்று, அதற்கு உரிமைப்பத்திரம் வேண்டி 1736இல் ஹேக் நகருக்குச் சென்றார். அங்கே நோய்வாய்ப்பட்டார். மரண சாசனம் எழுதி வைத்தபின், செப்ரெம்பர் 16ஆந் திகதி, ஐம்பதாவது வயதிற் காலமானார். பொறி முற்றுப்பெறவில்லை.

ஹேக் நகரிலுள்ள குளோஸ்ரர் தேவாலயத்தில் அவரை அடக்கஞ் செய்தனர். அக்காலத்திற் சவச் சடங்குகளுக்கும் வகுப்புகள் இருந்தன. அவருக்குக் கிடைத்தது நாலாம் வகுப்பு, இல்லாதவர்க்கு உரியது. அவர் தம் கையாற் செய்த வெப்பமானிகளுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. இரண்டு லைடன் நகரத்திலே, அவர் நண்பர் பூர்ஹாவேயின் பெயர் தாங்கிய நூதனசாலையிலே பேணப்படுகின்றன. இன்னொன்று 2012இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்து, அறுபதினாயிரம் பவுணுக்கு மேல் விலை போயிற்று.